கரண்ட் போன பாட்டு

ஜூலை 1, ஞாயிறு

இன்றிலிருந்து நாங்கள் ஒரு பேண்ட். பேர் 'நாசமாப்போ'. பேர் வைத்தது எஸ்தர். காலையில் சர்ச்சில் கர்த்தருக்கு டிரம்ஸ் அடித்துவிட்டு, மத்தியானம் எங்கள் மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்கு வந்து நாசமாப்போ என்று அடிக்கிறாள். இரண்டுக்கும் அதே குச்சிதான்.

அவள் பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவள். இப்போது கொரியர் ஆபீஸில் வேலை. அவளுடைய அண்ணன் பெங்களூரிலிருந்து பென் டிரைவ் நிறையப் பங்க் ராக் பாட்டு கொண்டுவந்து கொடுத்தான். கிடாரில் மூன்றே கார்டு, தொண்டை கிழியக் கத்தல், ஆரம்பித்த சூட்டில் முடிந்துவிடுகிறது. கேட்டவுடனே இரண்டு பேருக்கும் ஒன்றுதான் தோன்றியது: அட, இது நம்மால் முடியுமே! கிடாரும் பாட்டும் நான். பேஸ் கிடார் வாசிக்கக் கோயமுத்தூர் முழுக்கத் தேடியும் ஆள் இல்லை. இருக்கிறதை வைத்து ஓட்ட வேண்டியதுதான்.

அப்பா மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டே, "பேரு என்னடா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "பொருத்தமாத்தான் இருக்குது" என்றார்.

மூன்றாவது பாட்டில் கரண்ட் போய்விட்டது. இந்த வருஷம் கரண்ட் இருக்கும் நேரத்தை எண்ணுவதுதான் சுலபம். என் கிடார் கரண்ட் இல்லாவிட்டால் வெறும் பலகை.

ஜூலை 8, ஞாயிறு

பாட்டு எழுதிவிட்டேன். 'காயில்' என்று பேர். வாரம் முழுக்கக் கம்பி சுற்றும்போதே மனசுக்குள் ஓடியது.

சுத்துறேன் சுத்துறேன் செம்புக் கம்பி
சுத்தி முடிக்கறேன், மாட்டறேன், தட்டறேன்
போச்சு போச்சு
கரண்ட்டு போச்சு

இதற்கு முன்னால் நீளமாக ஒரு கிடார் இன்ட்ரோ. மெதுவாக ஆரம்பித்து, மோட்டார் வேகம் எடுப்பதுபோல ஏறி ஏறிப் போகும். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எஸ்தர் கேட்டுவிட்டு, "நல்லாருக்குடா தாமு. ஆனா இன்ட்ரோ முடியறதுக்குள்ள நெசமாவே கரண்ட் போயிரும். பாதியா வெட்டு" என்றாள். ஒரு நோட்டைக்கூட வெட்ட மாட்டேன் என்றேன்.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. சுக்கு வெந்நீர் குடித்தேன்.

ஜூலை 15, ஞாயிறு

எஸ்தர் என்னைக் கேட்காமல் ஒருவனைக் கூட்டி வந்துவிட்டாள். ரங்கசாமி, எல்லாரும் ரங்கு என்கிறார்களாம். காந்திபுரம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். காக்கிச் சட்டையோடு, காதில் பால்பாயின்ட் பேனாவைச் செருகிக்கொண்டு வந்து நின்றான்.

"படியில தொங்கற காலேஜ் பசங்கள இவன் திட்டுனத நீ கேட்டிருக்கணும். பஸ்ஸே கப்சிப்னு ஆயிருச்சு. உன் தொண்டை சரியாகற வரைக்கும் இவன் பாடட்டும்" என்றாள்.

பங்க் என்றால் என்னவென்றே தெரியாதவன். என் செல்போனில் ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது எங்க பஸ்ஸுல டெய்லி நடக்கற சண்டைங்கண்ணா. இதுக்குப் போயி கிடாரா?" என்றான். எஸ்தர் சிரித்த சிரிப்பில் குச்சி கீழே விழுந்தது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பாட ஆரம்பித்தான். பாதியில் கரண்ட் போனது. நான் நிறுத்தினேன். மைக் செத்துப்போனதே அவனுக்குத் தெரியவில்லை, அவன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தான். எதிர்வரிசை லேத் பட்டறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

தொண்டை சரியாகும் வரைக்கும்தானே, பரவாயில்லை.

ஜூலை 22, ஞாயிறு

தொண்டை சரியாகிவிட்டது. யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

ரங்கு ஒரு பாட்டு "கட்டியிருக்கிறான்". கட்டினானா! டிக்கெட் கிழிக்கும்போது கத்துவதை அப்படியே கத்துகிறான்.

படியில நிக்காத
உள்ள போ உள்ள போ
எடம் இல்லீங்க
இருக்குது போ

அவ்வளவுதான் பாட்டு. இதற்கு எஸ்தர் துள்ளிக் குதித்து அடிக்கிறாள். அப்பாகூடக் கம்பியை வைத்துவிட்டுக் காலால் தாளம் போட்டார். 'காயில்' வாசிக்கும்போது இதே அப்பா, வெளியே கஸ்டமர் நிற்கிறார் சத்தத்தைக் குறை என்றவர்.

"நல்லாருக்குங்களா தாமண்ணா?" என்று ரங்கு என்னிடம்தான் முதலில் கேட்டான். எப்போதும் என்னிடம்தான் முதலில் கேட்பான். "பரவால்ல" என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. இவனிடம் நறுக்கென்று ஒரு வார்த்தை சொல்லக்கூட முடியவில்லை. அண்ணா அண்ணா என்று வந்து நிற்கிறவனை என்னதான் செய்வது?

ஆகஸ்ட் 12, ஞாயிறு

சர்ச்சிலிருந்து எஸ்தர் கேக் கொண்டுவந்தாள். பெரிய துண்டு அவனுக்கு. கத்துகிறவனுக்குப் பசிக்குமாம். கிடார் வாசிப்பவனுக்கு வயிறே கிடையாது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

சின்னவேடம்பட்டியில் மூடிக்கிடக்கும் ஒரு கிரைண்டர் கம்பெனி ஷெட்டை எஸ்தரின் சித்தப்பா ஒருநாள் தருகிறேன் என்றிருக்கிறார். செப்டம்பர் முப்பது மத்தியானம் எங்கள் முதல் கச்சேரி. போலீஸ், பர்மிஷன் எதுவும் கிடையாது. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே வாசிப்பது. தெரிந்தவர்கள் வாய்வழியாகச் சொன்னால் போதும்.

பஸ்ஸில் வரும் காலேஜ் பசங்கள் முழுக்க ரங்குவிடம் தேதி கேட்கிறார்களாம். "படியில நிக்காத பாட்டு உண்டா?" என்று கேட்கிறார்களாம். அவனே சொன்னான், வெட்கப்பட்டுக்கொண்டு. நடிப்பா என்று உற்றுப் பார்த்தேன். நடிப்பு இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

செப்டம்பர் 9, ஞாயிறு

ஆமாம், வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போதுமா? பேண்ட் என் பட்டறையில் பிறந்தது. ஆம்ப்ளிஃபயர் நான் ரிப்பேர் செய்தது. மைக் ஸ்டாண்ட் நான் வெல்டிங் வைத்தது. அதன் முன்னால் நேற்று வந்த ஒருவன் நிற்கிறான், நான் பக்கவாட்டில் சுவரைப் பார்த்து நிற்கிறேன். இன்றைக்கு வேடிக்கை பார்க்க வந்த நாலு பேரும் கிளம்பும்போது அவனிடம்தான் கை கொடுத்தார்கள். ஒருவன் என்னிடம், "அண்ணா, நீங்கதான் கரண்ட் வேலை பாக்கறவரா?" என்று கேட்டான்.

செப்டம்பர் 23, ஞாயிறு

பாட்டு வரிசை முடிவானது. மொத்தம் எட்டு. 'காயில்' ஐந்தாவது. எட்டாவது, கடைசி, 'படியில நிக்காத'. எஸ்தர் காகிதத்தில் பெரிதாக எழுதினாள்.

மத்தியானம் கரண்ட் இருக்காது என்பதால் வாடகைக்கு ஒரு டீசல் ஜென்செட். அது என் பொறுப்பு. மோட்டார், ஜெனரேட்டர் என்றால் என்னைத்தானே கூப்பிடுவார்கள்.

செப்டம்பர் 29, சனி

ஜென்செட்டை இறக்கி ஷெட்டுக்குப் பின்னால் வைத்தாயிற்று. ஓட்டிப் பார்த்தேன், கச்சிதமாக ஓடுகிறது.

டேங்கை ரொப்ப வேண்டியதில்லை என்று தோன்றியது. ரொப்பினால் தளும்பும். அளவாக ஊற்றினேன். மீதிக் கேனை, சாமான் ஏற்ற எஸ்தர் கொரியர் ஆபீஸிலிருந்து வாங்கித் தந்த ஆம்னி வேனில், தார்ப்பாய்க்கு அடியில் வைத்திருக்கிறேன். இரண்டு ஆம்ப், மைக், நாலு லைட். இந்த லோடுக்கு இவ்வளவு டீசல் என்றால் ஏழு பாட்டு வரை தாராளமாக ஓடும். எட்டாவதுக்குத் தாங்காது. டீசல் எஞ்சின் காலியாக ஓடி நின்றால் லைனில் காற்று புகுந்துவிடும், சட்டென்று ஸ்டார்ட் ஆகாது. இதெல்லாம் தொழில் தெரிந்தவனுக்குத் தானாக மனசில் ஓடும் கணக்கு. வேறொன்றுமில்லை.

பட்டறையில் அவன் தொண்டை எடுபட்டது சரி. நூறு பேர் நிற்கும் ஷெட்டில், கும்மிருட்டில், மைக் இல்லாமல் எங்கே எட்டும்?

எஸ்தர் போன் செய்தாள். "டேங்க் ஃபுல்லா? நடுவுல கால வாரிறாதே?"

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

செப்டம்பர் 30, ஞாயிறு

முடிந்தது. எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 1, திங்கள்

பட்டறைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா ரசம் வைத்து மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஷெட் நிறைந்துவிட்டது. காலேஜ் பசங்கள், கொரியர் ஆபீஸ்காரர்கள், லேத் பட்டறை ஆட்கள், ரங்குவின் டிரைவர் தன் சம்சாரத்தோடு. ஷட்டரை இறக்கினோம். நாலு பாட்டு நன்றாகவே போனது. ஐந்தாவது 'காயில்'. நான் கிடாரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தேன். ரங்கு எஸ்தரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். அவள் அடிக்க ஆரம்பித்தாள். அது 'படியில நிக்காத'!

என்னடா இது என்று பார்த்தேன். ரங்கு சிரித்தான். வேறு வழியில்லை, வாசித்தேன். கூட்டம் பைத்தியம் பிடித்தாற்போல் குதித்தது. ஆறு முடிந்தது. ஏழு முடிந்தது. ரங்கு மைக்கில் சொன்னான்:

"கடைசிப் பாட்டு நம்ம தாமண்ணன் எழுதுனதுங்க. இந்த பேண்ட ஆரம்பிச்சவரே அவருதான். நல்ல சரக்க முடிவுலதானுங்க எறக்கோணும்? அவருக்குத் தெரியாம நானும் எஸ்தரக்காளும் வரிசைய மாத்திப்போட்டோம். கோவிச்சுக்காதீங்கண்ணா. முன்னால வாங்க."

மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்து நடுவில் நிறுத்தினான். "இன்ட்ரோவ முழுசா வாசிங்கண்ணா. எத்தன நேரமானாலும் நாங்க நிக்கறோம்" என்று காதில் சொன்னான்.

பின்னால் ஜென்செட் ஓடும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. இரு, டீசல் ஊற்றிவிட்டு வருகிறேன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் டேங்க் நிறைய இருக்கிறதே என்று எஸ்தர் கேட்பாள். தார்ப்பாய்க்கு அடியில் கேன் எதற்கு என்று கேட்பாள். வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

ஒரு நோட்டைக்கூட வெட்ட மாட்டேன் என்றவன், பாதி இன்ட்ரோவை முழுங்கிவிட்டு நேராகப் பாட்டுக்குத் தாவினேன். டீசல் தீர்வதற்குள் முடித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. ரங்கு விடவில்லை. நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டான், பாவி. "இல்லீங்கண்ணா, மொதல்ல இருந்து! முழுசா!" என்று கைதட்டினான். கூட்டம் முழுக்க, "முழுசா! முழுசா!" என்றது.

வாசித்தேன். அந்த மாதிரி நான் எப்போதும் வாசித்ததில்லை. ஏறி ஏறிப் போனது. எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். கொஞ்ச நேரம் டீசலையே மறந்துவிட்டேன் என்றால் யாராவது நம்புவார்களா? ரங்கு சுத்துறேன் சுத்துறேன் என்று எடுத்தான். மாட்டறேன், தட்டறேன் என்றான். பின்னால் எஞ்சின் இரண்டு தரம் இருமியது.

"போச்சு போச்சு" என்றான். போய்விட்டது.

லைட் இல்லை, ஆம்ப் இல்லை. கூரை ஷீட்டில் ஆணி ஓட்டைகள் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தன. பிறகு அந்தத் தொண்டை, மைக் இல்லாமல், "போச்சு போச்சு!" என்றது. "கரண்ட்டு போச்சு!" என்று நூறு பேரும் கத்தினார்கள். எஸ்தர் டிரம்ஸை விடாமல் அடித்தாள். தரையை மிதிக்கிறார்கள், ஷட்டரைத் தட்டுகிறார்கள், கூரை அதிர்கிறது. முடியவே இல்லை. மறுபடி மறுபடி அதே நாலு வரி. நான் எழுதிய நாலு வரி. நானும் கம்பியை அடித்துக்கொண்டேதான் இருந்தேன். என் காதுக்கே அது கேட்கவில்லை.

ஷட்டரைத் தூக்கினார்கள். வேர்வையில் குளித்து நின்ற ரங்குவைத் தோளில் ஏற்றினார்கள். அவன் அங்கிருந்து என்னைக் கைகாட்டிக் கத்தினான்: "எல்லாம் இவரு பிளானுங்க! கரண்ட்டு போச்சுன்னு பாடற எடத்துல கரெக்டா ஜென்செட்ட நிறுத்தியிருக்கறாரு பாருங்க! எங்ககிட்டக்கூடச் சொல்லல, அழுத்தக்காரரு!"

என்னையும் தூக்கினார்கள். என் பேர் சொல்லிக் கைதட்டினார்கள். ஜூலையிலிருந்து நான் ஏங்கிய கைதட்டல். மேலே இருந்தபடி எஸ்தரைப் பார்த்தேன். அவள் கைதட்டவில்லை.

ரங்கு என்னைக் கட்டிக்கொண்டு சொன்னான், "உங்க பாட்டுக்குக் கரண்ட்டே வேண்டாமுங்கண்ணா. அது தன்னால நிக்குது." புகழ்ந்துதான் சொன்னான். என் கிடார் இல்லாமல் என் பாட்டு தன்னால் நிற்கிறதாம். சொந்தப் பாட்டின் மேலேயே ஒருவனுக்குப் பொறாமை வருமா? வந்தது.

அக்டோபர் 3, புதன்

எஸ்தர் வந்தாள். கையில் டீசல் கேன். வேனைக் கழுவும்போது தார்ப்பாய்க்கு அடியில் கிடைத்ததாம். பெஞ்சின் மேல் வைத்தாள்.

"அவனுக்குன்னு ஊத்துன அளவு, உனக்கே வந்து விடிஞ்சுது. இல்லையா?"

என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

"நடிக்காத, தாமு. உன் மூஞ்சிய எனக்குத் தெரியும். ஒரு காலேஜ்ல இருந்து கூப்பிட்டிருக்காங்க. ரங்கு என்ன சொல்றான் தெரியுமா? தாமண்ணன் இல்லாம அந்தப் பாட்டத் தொட மாட்டேங்கறான். உன்ன என்னமோ பெரிய மூளைக்காரன்னு நெனச்சுட்டுத் திரியறான் அந்தக் கிறுக்கன். நான் சொல்ல மாட்டேன். நீயே அவன்கிட்டச் சொல்லு. சொல்லிட்டு வா, வாசிக்கலாம். சொல்லாம வந்தா நான் அடிக்க மாட்டேன்."

அவள் போன பிறகு அந்தக் கேனிலிருந்து கொஞ்சம் எடுத்து, கிரீஸ் பிடித்த பேரிங்குகளைக் கழுவினேன். வேலைக்காவது ஆகட்டும்.

அக்டோபர் 7, ஞாயிறு

பிராக்டிஸுக்குப் போகவில்லை. பிராக்டிஸ் என் பட்டறையில்தான். ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 14, ஞாயிறு

சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். பேண்ட் வேண்டும். வேறு எதற்காகவும் இல்லை, பேண்ட் எனக்கு வேண்டும். அவன் பாடட்டும், நடுவில் நிற்கட்டும், நான் சுவரைப் பார்த்தே வாசிக்கிறேன்.

கணபதி ஸ்டாப்பில் அவனுடைய பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். என்னைப் பார்த்ததும், "அண்ணா!" என்று கூவி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். காசை நீட்டினேன். "உங்ககிட்ட டிக்கெட்டா? உள்ள வைங்கண்ணா" என்று கையைத் தள்ளினான். சீட்டில் இருந்த ஒரு அம்மாவிடம், "அக்கா, அந்தப் பாட்டு எழுதுனவரு இவருதானுங்க" என்று காட்டினான். அந்த அம்மா, "ஓ, போச்சு போச்சுங்களா?" என்று சிரித்தார்.

எப்படி ஆரம்பிப்பது என்று முழித்துக்கொண்டிருந்தேன். அவனே கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கண்ணா. நெம்ப நாளா மண்டைய ஒடைக்குது. கரெக்டா அந்த எடத்துல நிக்கற மாதிரி எப்படிக் கணக்குப் போட்டீங்க?"

"லோடு எவ்வளவுன்னு பாத்தேன். பாட்டெல்லாம் எத்தனை நேரம்னு கூட்டிப் பாத்தேன். எட்டாவது பாட்டுக்கு நிக்கற மாதிரி அளவா ஊத்துனேன்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எட்டாவது பாட்டுக்கா!" என்று வாயைப் பிளந்தான். அந்த அம்மாவிடம், "பாத்தீங்களா அக்கா மூளைய!" என்றான். காதிலிருந்த பேனாவை எடுத்து யாருக்கோ டிக்கெட் எழுதப் போனான். எழுதவில்லை.

"ஆனா அண்ணா... எட்டாவதா உங்க பாட்டு வருதுன்னு உங்களுக்குத்தான் தெரியாதே. நாங்க அங்கதான மாத்துனோம்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பஸ் பிரேக் அடித்தது, எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள், அவன் மட்டும் கம்பியைப் பிடிக்காமலே நின்றான். பிறகு என் கையில் இன்னும் இருந்த காசை வாங்கிக்கொண்டான். டிக்கெட்டைக் கிழித்தான்.

"எங்க எறங்கோணும்?"

அண்ணா இல்லை. யாரோ ஒரு பாசஞ்சரைக் கேட்பதுபோலக் கேட்டான்.

"அடுத்த ஸ்டாப்பு" என்றேன்.

டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு முன்பக்கம் நகர்ந்து போனான். "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று கத்தினான். அவன் குரல் துளிகூடப் பிசிறவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது.

அக்டோபர் 21, ஞாயிறு

மத்தியானம் முழுக்கக் கரண்ட் இருந்தது. ஆம்ப்பைப் போட்டு வைத்திருந்தேன். யாரும் வரவில்லை.